சிப்மங்க்: மாணவனின் பிழையை மறைக்காத விமானம்

இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் கோனிங்ஸ்பி என்ற விமானப்படைத் தளம் இருக்கிறது. டைஃபூன் போர் விமானங்கள் நிற்கும் அதே தளத்தில்தான் இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஸ்பிட்ஃபயர்களையும் ஹரிக்கேன்களையும் பறக்கும் நிலையில் பராமரிக்கும் நினைவுப் பறப்புப் பிரிவும் இயங்குகிறது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறந்து பழகிய விமானி ஒருவர் அந்தப் பிரிவில் சேர்ந்தால், ஸ்பிட்ஃபயரின் சாவியை உடனே அவர் கையில் கொடுத்துவிடமாட்டார்கள். முதலில் அவரை உட்காரவைப்பது சிப்மங்க் என்ற சிறிய இரண்டு இருக்கை விமானத்தில். 145 குதிரைத்திறன், வாலில் சின்னச் சக்கரம், 1940களின் வடிவமைப்பு. ஜெட் விமானத்தின் கணினிகள் இத்தனை காலமும் அவருக்காகச் செய்துகொடுத்த வேலைகளை, குறிப்பாகக் காலால் செய்யவேண்டிய வேலைகளை, அவர் இங்கேதான் மறுபடி கற்றுக்கொள்கிறார்.

பயிற்சி விமானம் என்றால் ஓட்டுவதற்கு லேசாக இருக்கவேண்டும் என்பது பொதுவான எண்ணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மாணவன் செய்த பிழையை விமானம் விழுங்கிவிட்டால் அவன் எதையும் கற்றுக்கொள்ளப்போவதில்லை. பிழைக்கு உயிரை விலையாகக் கேட்டாலும் கற்றுக்கொள்ள ஆள் இருக்கமாட்டான். இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி ரொம்பக் குறுகியது. சிப்மங்க் அந்த இடைவெளியில் பொருந்தி உட்கார்ந்த விமானம். ஆனாலும் வான்சாகசப் பயிற்சியில், முக்கியமாக ஸ்பின் என்ற, சுழன்றுகொண்டே கீழே விழும் நிலையில், அதுவும் சில வேளை உயிரை விலை கேட்டிருக்கிறது.

அதை வடிவமைத்தவர் போலந்துக்காரர். பெயர் வ்செவோவோட் யாக்கிமியுக். வார்சாவில் பிஇசட்எல் நிறுவனத்தில் போர் விமானங்களை வரைந்துகொண்டிருந்தவர். போர் அவரை நாடு கடக்கவைத்து, கனடாவின் டொரொண்டோ அருகே டி ஹாவிலண்ட் கனடா நிறுவனத்தில் கொண்டுவந்து சேர்த்தது. போர் முடிந்ததும் அந்த நிறுவனம் சொந்தமாக வடிவமைத்த முதல் விமானம் இதுதான். 1946 மே 22 அன்று டௌன்ஸ்வியூவில் பாட் ஃபில்லிங்ஹாம் அதை முதன்முதலாக மேலே எடுத்துச் சென்றார். பிறகு வந்த பீவர், ஆட்டர் விமானங்களைப் போல இதற்கும் ஒரு வட அமெரிக்க விலங்கின் பெயர்: நம் ஊர் அணிலுக்கு உறவான, முதுகில் வரி ஓடும் சிறு பிராணி.

சிப்மங்க் இடம்பெயர்க்க வேண்டியிருந்தது டைகர் மாத் என்ற இரட்டைச் சிறகு விமானத்தை. 1931இல் பறந்த, உலோகக் குழாயும் மரமும் துணியும் கலந்த அந்த விமானத்தில் காக்பிட்டுக்கு மூடி கிடையாது, பிரேக்கும் கிடையாது. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் அதில்தான் பழகினார்கள். ஆனால் அடுத்து அவர்கள் ஏறப்போவதோ உலோகத்தால் ஆன ஒற்றைச் சிறகு விமானங்கள். சிப்மங்கில் உடல் முழுவதும் உலோகம். சிறகில் மூக்குப் பகுதி உலோகத் தகடு, நடுக்கட்டைக்குப் பின்னால் இன்னும் துணி. மேலே, பின்னோக்கித் தள்ளித் திறக்கும் கண்ணாடி மூடி. முன்னால் மாணவன், பின்னால் ஆசிரியர். சிறகு விரிந்த நீளம் 10.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. உடலின் நீளம் எட்டு மீட்டர்கூட இல்லை. இரண்டு பேரும் எரிபொருளும் ஏறினால் 900 கிலோவைக் கொஞ்சம் தாண்டும். கனடாவில் 217, பிரிட்டனில் 1,000, போர்த்துகல்லில் அறுபதுக்கு மேல் என்று கட்டினார்கள். பிரிட்டிஷ் விமானப்படை 1950 முதல் பல்கலைக்கழக விமானப் பிரிவுகளுக்கு இதைக் கொடுக்கத் தொடங்கியது.

பிரிட்டிஷ் படையின் சிப்மங்கைக் கிளப்புவதே ஒரு சடங்கு. மின்சார ஸ்டார்ட்டர் இல்லை. எஞ்சினின் பக்கத் தகட்டைத் திறந்து, தரைப் பணியாளர் கையால் எரிபொருளைப் பம்ப் செய்து கார்புரேட்டரை நிரப்புவார். பிறகு மூக்கில் உள்ள சுழலியை (ப்ரொப்பெல்லரை) கையால் சில முறை திருப்பி சிலிண்டர்களை நனைப்பார். உள்ளே ஆறு தோட்டாக்கள் கொண்ட ஒரு உருளை இருக்கிறது. ரிவால்வரின் அறையைப் பெரிதாக்கியது போன்ற அமைப்புதான். விமானி கைப்பிடியை இழுத்ததும் ஒரு தோட்டா வெடிக்கிறது. அந்த வாயுவின் அழுத்தம் எஞ்சினை உதறிச் சுற்றிவிடுகிறது. பளீரென்று ஒரு சத்தம், கொஞ்சம் புகை, பிறகு ஜிப்சி மேஜரின் நான்கு சிலிண்டர்களும் ஒன்றன்பின் ஒன்றாக விழித்துக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கும் சிலிண்டர்கள் கொண்ட, காற்றால் குளிரூட்டப்படும் 6.1 லிட்டர் எஞ்சின் அது. ஆறு தோட்டாவும் வீணாகிவிட்டால் அன்றைய பயிற்சி தள்ளிப்போகும், சுற்றி நிற்பவர்களின் கிண்டலும் கிடைக்கும்.

அடுத்த பாடம் தரையிலேயே. வால் தாழ்ந்து மூக்கு தூக்கி நிற்பதால் நேர் முன்னால் எதுவும் சரியாகத் தெரியாது. ஆகவே ஓடுபாதை வரை பாம்புபோல் நெளிந்து நெளிந்துதான் போகவேண்டும். இடப்பக்கம் எட்டிப் பார், வலப்பக்கம் எட்டிப் பார். பிரேக்குக்குக் காலடியில் மிதி கிடையாது. கையால் இழுக்கும் ஒரு நெம்புகோல் பல் பல்லாக ஏறும். அதைச் சில பற்கள் இழுத்து வைத்துவிட்டு ரடர் (வாலில் உள்ள திசைத் துடுப்பு) மிதியை ஒரு பக்கம் அழுத்தினால் அந்தப் பக்கச் சக்கரம் மட்டும் பிடிக்கும். எத்தனை பல் இழுப்பது என்பதைக் காற்றின் திசையைப் பார்த்து அவரவர் கண்டுபிடிக்கவேண்டும். இறங்கும் நேரத்தில் அதை மறந்து இழுத்தபடியே விட்டிருந்தால் என்ன ஆகும் என்பதை ஆசிரியர்கள் முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

வால்சக்கர விமானத்தின் அடிப்படைச் சிக்கல் எடைமையத்தில் இருக்கிறது. முக்கியச் சக்கரங்கள் இரண்டும் முன்னால், எடையின் மையம் அவற்றுக்குப் பின்னால். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளைப் பின்னோக்கி வேகமாகத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது புரியும்: நேராகப் போகும்வரை போகும், கொஞ்சம் திரும்பினால் மேலும் மேலும் திரும்பிக்கொண்டே போய்ச் சாயும். விமானத்தில் இதற்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். தரையிறங்கும்போது வால் அரை அடி விலகியதுமே கால் வேலை செய்திருக்கவேண்டும். கண்ணால் பார்த்து, யோசித்து, பிறகு மிதித்தால் காலம் கடந்துவிடும். மூக்குச்சக்கரம் வைத்த இன்றைய பயிற்சி விமானங்களில் எடைமையம் முக்கியச் சக்கரங்களுக்கு முன்னால் இருப்பதால் அவை தாமாகவே நேராகிக்கொள்ளும். கால் சோம்பேறியானவர்களும் அவற்றில் உரிமம் வாங்கிவிடலாம். பலர் வாங்கியும் இருக்கிறார்கள். இன்னொரு சின்ன வம்பும் உண்டு. ஜிப்சி மேஜரின் சுழலி அமெரிக்க எஞ்சின்களுக்கு எதிர்த்திசையில் சுற்றுகிறது. அமெரிக்க எஞ்சின் வைத்த செஸ்னாவில் பழகியவர் கிளம்பும்போது பழக்கத்தில் வலக்காலை அழுத்துவார். சிப்மங்குக்கு வேண்டியது இடக்கால்.

மேலே போனதும் விமானத்தின் குணமே மாறிவிடுகிறது. சிப்மங்கைப் பறத்தியவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் சங்கதி, மூன்று கட்டுப்பாடுகளும் ஒன்றுக்கொன்று இசைந்திருப்பது. ஸ்டிக்கை, அதாவது கையில் பிடிக்கும் கட்டுப்பாட்டுக் கோலை, பக்கவாட்டில் சாய்க்க வேண்டிய பலமும், முன்பின் நகர்த்த வேண்டிய பலமும், காலில் வேண்டிய அழுத்தமும் ஒன்றை ஒன்று விஞ்சாமல் இருக்கும். ஒன்று கல்லாகவும் இன்னொன்று வெண்ணெயாகவும் இருக்கும் விமானத்தில் துல்லியமாகப் பறக்கக் கற்பது கடினம். 'ஏழையின் ஸ்பிட்ஃபயர்' என்று இதற்கு வைத்த பட்டப்பெயர் வேகத்தைக் குறிப்பதல்ல, இந்த இசைவைத்தான் சொல்கிறது.

வேகம் என்று பார்த்தால் கையிருப்பு குறைவுதான். நேர்மட்டத்தில் முழு விசையுடன் போனாலும் மணிக்கு 222 கிலோமீட்டர், அதாவது 120 நாட். ஒரு லூப் போட, செங்குத்தாக ஒரு முழு வட்டம் அடிக்க, உள்ளே நுழையும்போது வேண்டிய வேகமும் ஏறத்தாழ அதே 120 நாட்தான். எனவே எஞ்சினை மட்டும் நம்பி லூப் போட முடியாது. முதலில் மூக்கைத் தாழ்த்திச் சரிந்து வேகம் சேர்க்கவேண்டும். பள்ளிக்கூட இயற்பியலை வைத்தே இதைக் கணக்கிடலாம். 120 நாட் வேகம் முழுவதையும் உயரமாக மாற்றினால், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காமல், கிடைப்பது 190 மீட்டர் அளவு. லூப்பின் உச்சிக்குப் போய், அங்கே விழாமல் நிற்க மிச்ச வேகமும் வேண்டும் என்றால் செலவழிக்க அதிகம் இல்லை. சற்று அதிகமாக ஸ்டிக்கை இழுத்தால் இழுவை கூடி வேகம் கரைந்துவிடும். குறைவாக இழுத்தால் வட்டம் பெரிதாகி, உச்சிக்கு முன்பே மூச்சு வாங்கும். 300 குதிரைத்திறன் கொண்ட போட்டி விமானத்தில் இந்த இரண்டு பிழைகளையும் எஞ்சின் மூடி மறைத்துவிடும். சிப்மங்கில் மறைக்க ஒன்றும் இல்லை. ஒவ்வொரு சாகசமும் கொஞ்சம் உயரத்தை விழுங்கும். இழந்த உயரத்தை மீண்டும் சம்பாதிக்க நிமிடத்துக்கு 900 அடிக்கு மேல் ஏறாத விமானத்தில் பொறுமையாகக் காத்திருக்கவேண்டும். வேகத்தையும் உயரத்தையும் ஒரே கணக்கின் இரண்டு பத்திகளாகப் பார்க்கும் வழக்கம் மாணவனுக்கு இப்படித்தான் படிகிறது.

எஞ்சினுக்குள்ளும் ஒரு பாடம் இருக்கிறது. கார்புரேட்டரில் மிதவை இருப்பதால் விமானம் தலைகீழாகத் தொங்கினால் எரிபொருள் வருவது நின்று எஞ்சின் இருமி அடங்கிவிடும். ஸ்லோ ரோல் செய்யும்போது, நேராகப் போய்க்கொண்டே விமானத்தை மெதுவாக முழுதாகப் புரட்டும்போது, நடுவில் சில நொடிகள் சத்தமே இல்லாமல் சறுக்கிக்கொண்டிருக்கும். பீப்பாயின் உட்சுவரைச் சுற்றுவதுபோல் வளைந்து புரளும் பேரல் ரோலில் அப்படி இல்லை. அதைச் சுத்தமாகப் போட்டால் உடல் முழு நேரமும் இருக்கையில் அழுந்தியே இருக்கும், எஞ்சினும் தடையின்றி ஓடும். இதனால் மாணவன் போட்ட ரோல் சரியா தவறா என்பதை ஆசிரியருக்கு முன்பே எஞ்சின் சொல்லிவிடுகிறது. ஸ்டால் டர்னில், செங்குத்தாக ஏறி உச்சியில் கவிழ்ந்து திரும்பும்போது, சுழலியே நின்றுபோவதும் உண்டு. அப்போது மூக்கைத் தாழ்த்திச் சரியவேண்டும், இல்லையேல் அந்தத் தோட்டாக்களில் ஒன்றைச் செலவழிக்கவேண்டும்.

இனி ஸ்பின். வான்சாகசப் பயிற்சியின் மையமே இதுதான், மற்றதெல்லாம் அழகு. சிறகு காற்றை எதிர்கொள்ளும் கோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் காற்றோட்டம் சிறகை விட்டுப் பிரிந்து தூக்குவிசை குலைகிறது, அது ஸ்டால். அந்த நேரத்தில் விமானம் ஒரு பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் ஒரு சிறகு மற்றதைவிட ஆழமாக ஸ்டால் ஆகும். ஆழமாக ஆன சிறகு தாழ்கிறது, தாழ்வதால் இன்னும் ஆழமாக ஸ்டால் ஆகிறது, இழுவை கூடிப் பின்தங்குகிறது. மற்றச் சிறகு மேலெழுந்து சுற்றுகிறது. இப்படித் தன்னைத்தானே ஊட்டி வளர்க்கும் சுழற்சிதான் ஸ்பின். விமானம் மூக்கைக் கீழே வைத்துச் சுற்றிக்கொண்டே இறங்கும், வேகமானி மட்டும் குறைந்த வேகத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

சிப்மங்கில் வேண்டுமென்றே ஸ்பின்னுக்குள் போவது எளிது. விசையைக் குறைத்து, மூக்கைத் தூக்கிப் பிடித்து, ஸ்டால் வரும் நேரத்தில் ஒரு பக்க ரடரை முழுதாக மிதித்து ஸ்டிக்கை வயிறுவரை இழுத்தால் போதும். வெளியே வருவதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் சுற்றுக்கு எதிரான ரடரை முழுதாக மிதிக்கவேண்டும். ஒரு கணம் பொறுக்கவேண்டும். பிறகு ஸ்டிக்கை முன்னே தள்ளவேண்டும், சுழற்சி நிற்கும்வரை, தேவைப்பட்டால் முன்னால் முட்டி நிற்கும்வரை. இங்கே இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, அந்த நேரத்தில் ஸ்டிக் இலேசாக நகராது. கணிசமான பலம் வேண்டும். இரண்டாவது இன்னும் மோசமானது. ஸ்டிக்கை முன்னே தள்ளத் தொடங்கியதும் சுழற்சி நிற்பதற்கு முன் வேகமெடுக்கிறது. நிறை அச்சுக்கு அருகே குவியும்போது சுழற்சி கூடுவது இயற்கை. அது விமானம் மீளப்போவதன் அறிகுறி. தரை கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவனுக்கு இது அப்படித் தெரியாது. நான் செய்தது நிலைமையை மோசமாக்கிவிட்டது என்றுதான் தோன்றும். கையைத் தளர்த்துவான், ஸ்டிக் பாதியில் நிற்கும், ஸ்பின் தொடரும். சரியான செயலைத் தவறு என்று உடல் உணரும் இந்த நொடியில் பயிற்சி மட்டும்தான் காப்பாற்றும். புத்தகத்தில் படித்தவனுக்கும் ஆசிரியருடன் பல முறை செய்து பார்த்தவனுக்கும் வித்தியாசம் தெரியும் இடம் இது.

தொடக்க ஆண்டுகளில் ஸ்பின்னிலிருந்து மீளாத சிப்மங்குகள் உயிர்களைப் பறித்தன. அதன் பின் வாலின் அடிப்பகுதியில், கிடைச்சிறகு உடலோடு சேரும் இடத்துக்கு முன்னால், குறுகலான தகடுகளைப் பொருத்தினார்கள், ரடரையும் அகலப்படுத்தினார்கள். அந்தத் தகடுகள் ஸ்பின்னிலிருந்து மீள உதவுகின்றன. இன்று பல சிப்மங்குகளின் படங்களில் வாலருகே அவற்றைக் காணலாம். விமானப்படைச் சிப்மங்கில் இருக்கை மெத்தையும் கிடையாது. உட்காருவது கட்டியிருக்கும் பாராசூட்டின் மேல்தான். விமானப்பறப்பை ருசி பார்க்க வந்த பள்ளிவயது கேடட்டுகள், பின்புறம் தொங்கும் அந்த மூட்டையுடன் வாத்து நடை நடந்து விமானத்துக்குப் போவார்கள். பிரிட்டனில் ஒரு தலைமுறையே இப்படி முதல்முறை வானம் பார்த்தது.

ஸ்பின் விபத்துகளைப் பேசும்போது விமானத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியாகப் படவில்லை. ஸ்லிங்ஸ்பி ஃபயர்ஃப்ளை என்ற இன்னொரு இரண்டு இருக்கை சாகசப் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் நல்ல பெயர் வாங்கியது. அமெரிக்க விமானப்படை அதற்கு 260 குதிரைத்திறன் எஞ்சின் பூட்டி டி-3ஏ என்று பெயரிட்டுத் தன் அகாடமிக்கு வாங்கியது. அகாடமி இருப்பதோ கொலராடோவின் உயர்ந்த பீடபூமியில், மெலிந்த காற்றில். 1995க்கும் 1997க்கும் இடையே மூன்று விபத்துகளில் ஆறு பேர் இறந்தார்கள். எஞ்சின் நின்றுபோகிறது என்ற புகார்களும் குவிந்தன. 1997இல் அத்தனை விமானங்களையும் தரையில் நிறுத்தி, பிற்பாடு உடைத்துப் போட்டார்கள். விமானம், அது பறக்கும் உயரம், ஆசிரியரின் அனுபவம், பாடத்திட்டம் ஆகியவற்றில் ஒன்றை மாற்றினாலும் மற்ற மூன்றையும் திரும்பச் சோதிக்கவேண்டும்; அங்கே அது போதிய அளவு நடக்கவில்லை என்பது என் கணிப்பு.

நம் பக்கத்திலும் சிப்மங்குக்கு ஓர் இடம் உண்டு. 1951 மார்ச்சில் தொடங்கப்பட்ட அன்றைய இலங்கை அரச விமானப்படை முதன்முதலாகப் பெற்ற விமானங்கள் சிப்மங்குகளே. இலங்கைப் படையின் முதல் விமானிகள் இதில்தான் கை பழகினார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று பெங்களூரில் வி. எம். காட்கே தலைமையில் உருவான எச்டி-2 என்ற பயிற்சி விமானம் பறந்தது. இந்தியாவில் வடிவமைத்து உற்பத்திக்குப் போன முதல் விமானம் அது. ஒற்றைத் தாழ்சிறகு, முன்பின் இருக்கை, வால்சக்கரம், 155 குதிரைத்திறன் என்று பார்த்தால் சிப்மங்கின் ஒன்றுவிட்ட தம்பி என்றே சொல்லலாம். அந்தக் காலத்தில் பயிற்சி விமானம் என்றால் உலகம் முழுக்க இதே உருவம்தான் மனதில் வந்தது.

பயிற்சிக்கு என்று செய்த குணங்கள் வேறு வேலைக்கும் உதவின. பனிப்போர்க் காலத்தில் மேற்கு பெர்லினின் கேட்டோ தளத்தில் பிரிட்டன் இரண்டு சிப்மங்குகளை வைத்திருந்தது. நகரைச் சுற்றி இருபது மைல் ஆரத்துக்குள் நேச நாட்டு விமானங்கள் பறக்கலாம் என்பது போருக்குப் பிந்தைய ஒப்பந்தம். அந்த உரிமையைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பும் சிப்மங்கில் கேமராவும் ஆளும் இருப்பார்கள். கீழே சோவியத் படைமுகாம்களில் புதிதாக வந்த டாங்கியையும் ரேடாரையும் படம் பிடித்துத் திரும்புவார்கள். மெதுவாகவும் தாழ்வாகவும் பறந்து, சட்டென்று திரும்பி, நல்ல கண்ணாடி வழியே கீழே பார்க்க முடிகிற விமானம் உளவு பார்க்கத் தோதாக இருந்தது. அந்த இரண்டில் ஒன்று இன்று பெர்லினின் நேச நாடுகள் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மற்றது கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன நினைவுப் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது.

அமெரிக்காவில் ஆர்ட் ஷோல் என்ற சாகச விமானி சிப்மங்கின் சிறகைக் குட்டையாக்கி, சக்கரத்தை உள்ளிழுக்க வைத்து, 260 குதிரைத்திறன் எஞ்சினைப் பூட்டிக் கண்காட்சிகளில் வித்தை காட்டினார். அந்த விமானம் இப்போது வாஷிங்டன் அருகே ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வார்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. வான்சாகசத்தில் அவரைவிட அனுபவம் உள்ளவர் அன்று அமெரிக்காவில் அரிது. அவர் 1985 செப்டம்பரில் கலிஃபோர்னியக் கடலோரத்தில் ஒரு திரைப்படத்துக்காகப் பிட்ஸ் விமானத்தில் ஸ்பின் காட்சி எடுக்கும்போது அதிலிருந்து மீளாமல் கடலில் விழுந்து இறந்தார்.

பிரிட்டனின் கேடட்டுகளுக்குச் சிப்மங்க் 1996 வரை உழைத்தது. பின்னால் வந்தவை பக்கத்தில் பக்கத்தில் உட்காரும், மூக்குச்சக்கரம் வைத்த விமானங்கள். ஆசிரியர் மாணவனின் முகத்தையும் கையையும் நேரே பார்க்கலாம் என்பது அவற்றின் பெரிய வசதி. சிப்மங்கில் பின்னிருக்கை ஆசிரியருக்குத் தெரிவது மாணவனின் பிடரி மட்டும். தனியாரிடம் இருப்பவை நூற்றுக்கணக்கில் இன்றும் பறக்கின்றன. அவற்றை வாங்குபவர்கள் முதலில் விசாரிப்பது எஞ்சினை அல்ல, சிறகின் களைப்புக் கணக்கை. ஒவ்வொரு சாகசமும் உலோகத்தைக் கொஞ்சம் தளர்த்துவதால், சாகசம் பறந்த ஒரு மணி நேரம் சாதாரணமாகப் பறந்த ஒரு மணி நேரத்தைவிட அதிகமாக எழுதப்படும்; கணக்குப் புத்தகம் ஒழுங்காக இல்லாத விமானத்தை விவரம் தெரிந்தவர்கள் தொடமாட்டார்கள். போர்த்துகல் விமானப்படை தன் அல்வெர்கா ஆலையிலேயே கட்டிய சிப்மங்குகளில் சிலவற்றுக்கு ஜிப்சியைக் கழற்றி 180 குதிரைத்திறன் கொண்ட அமெரிக்க லைக்கமிங் எஞ்சினைப் பூட்டி, சிந்த்ரா தளத்தில் அகாடமி மாணவர்களுக்குப் பறக்கவும் கிளைடர்களை இழுக்கவும் வைத்துக்கொண்டது. கூடுதல் குதிரைத்திறனால் கிளைடர் சீக்கிரம் மேலே போகிறது. அதோடு, கிளம்பும்போது அழுத்தவேண்டிய கால் இடதிலிருந்து வலதுக்கு மாறிவிட்டது.